பலரறிவை ஒருங்கு சேர்த்தல்

ஒருவர் தனித்து ஆற்றக்கூடிய கருமங்கள் உலகிற் சில. பலர் கூடி ஆற்றவேண்டியனவே பல. ஒரு வயலை ஒருவன் உழுதுவிடலாம். ஒரு வட்டை முழுவதற்கும் நீர் பாய்ச்சுதல் ஒருவனால் ஆகாது. எங்கே விதைப்பு முடிந்தது, எந்த வாய்க்கால் உடைந்துள்ளது, எவருடைய பயிர் குடலைப் பருவத்தில் நிற்கின்றது என்பனவற்றை வட்டவிதானை அறிந்திருத்தல் வேண்டும். அவர் அறிந்தவற்றை நீர்ப்பாசனத் திணைக்களத்தார் அறிதல் வேண்டும். குளத்து நீர் எத்தனை நாளைக்குப் போதும் என்று அவர்கள் அறிந்ததனை வேளாண்மை செய்வோர் அறிதல் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபடுமாயின் ஒருவன் காணி வெள்ளத்திற் கிடக்க, மற்றொருவன் காணி வெடித்துக் கிடக்கும். நீர் இல்லாமையால் வரும் கேடு ஒன்று. நீர் இருந்தும் செய்தி இல்லாமையால் வரும் கேடு மற்றொன்று. இவ்விரண்டாவது கேட்டினை நீக்கும் வழிகளை ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகங்களில் ஒரு துறை உண்டு. அதனை முகாமைத்துவத் தகவல் முறைமை என வழங்குவர்.

எமது கல்லூரியின் மாணவர் பலர் இன்று முகாமைத்துவத்தையும் கணினியியலையும் விரும்பிக் கற்கின்றனர். ஆயினும் இத்துறைகளில் ஆராய்ச்சி என்பது தூரதேசத்தார்க்கே உரியது என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது. இத்துறையின் மிகக் கடுமையான சோதனைகளுள் ஒன்று 2004ஆம் ஆண்டு மார்கழியில் எமது கரையிலேயே நிகழ்ந்தது. அதற்கு விடைகாண முயன்ற ஒரு பெருமுயற்சியும் எமது நாட்டிலேயே தோன்றியது. இவ்விரண்டினையும் விளங்கிக்கொள்வதற்கு, இத்துறைக்குத் தம் வாழ்நாளை ஈந்த பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சி வரலாற்றை முதலில் நோக்குவோம். மரே டுரோவ் என்பது அவர் பெயர்.

பௌதிகவியலிலிருந்து மனிதரியலுக்கு

டுரோவ் 1936ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்தவர். பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் கணிதமும் பௌதிகமும் பயின்று, 1965இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அணுவையும் ஆற்றலையும் ஆராயவேண்டியவர் மனிதர் கூடிப் பேசுதலை ஆராயத் தொடங்கினார் என்பது வியப்பே. அக்காலத்திற் கணினி என்றாற் கணக்குப் போடும் பெரும்பொறி என்றே யாவரும் கருதினர். சம்பளப் பட்டியல் தயாரித்தலும், இருப்புக் கணக்குப் பார்த்தலும், எறிகணையின் பாதையைக் கணித்தலுமே அதன் தொழில்கள். மனிதரும் மனிதரும் பேசுவதற்கு அஃது இடைநின்று உதவும் என்று எண்ணியோர் மிகச் சிலரே. அச்சிலருள் டுரோவ் ஒருவர்.

அவருடைய முதலாவது கருவி டெல்பி என்னும் முறையாகும். ராண்ட் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் 1950களில் வளர்ந்தது இது. அறிஞர் பலரை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி அபிப்பிராயம் கேட்டால் என்ன நேர்கின்றது? பதவியில் உயர்ந்தவர் முதலிற் பேசுகின்றார்; குரல் உரத்தவர் அதிகம் பேசுகின்றார்; இளையவர் தம் ஐயத்தை விழுங்கிவிடுகின்றார். டெல்பி முறையில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத்தில் விடை தருவர். விடைகள் பெயர் நீக்கித் தொகுக்கப்பெற்று மீண்டும் அனைவருக்கும் அனுப்பப்படும். பிறர் கூறிய காரணங்களைக் கண்டபின் தம் கருத்தை மாற்ற விரும்புவோர் மாற்றலாம். இவ்வாறு சில சுற்றுகள் நிகழும். இது தபால்மூலம் நடைபெறின் மாதங்கள் கழியும். டுரோவ் 1970இல் இதனைக் கணினியில் ஏற்றினார். வெவ்வேறு ஊர்களில் இருந்தோர் தத்தமக்கு வசதியான வேளையிற் கருத்தைப் பதிவு செய்யவும் பிறர் கருத்தைப் படிக்கவும் கூடியதாயிற்று. இம்முறையின் நுட்பங்களை விளக்கும் நூலொன்றை லின்ஸ்ரோன் என்பவருடன் சேர்ந்து 1975இல் அவர் வெளியிட்டார்.

கோயிற் கூட்டங்களிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் இருந்து பழகியோர்க்கு இதன் அருமை எளிதிற் புலனாகும். கூட்டத்தில் வாய் திறவாது இருந்தவர், கலைந்தபின் படலையடியில் நின்று மிக நல்ல யோசனையொன்றைச் சொல்வார். அந்த யோசனையைக் கூட்டத்துக்குள்ளே கொணர்தற்கு வழி என்ன என்பதே டுரோவின் கேள்வி.

தொண்ணூறு நாட் சோதனை

1971ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் அமெரிக்கச் சனாதிபதி நிக்சன், நாட்டில் உள்ள விலைகளும் சம்பளங்களும் 90 நாட்களுக்கு உயர்த்தப்படலாகாது என அறிவித்தார். அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவசரகால ஆயத்த அலுவலகத்தின்மேல் விழுந்தது. டுரோவ் அப்பொழுது அங்கே பணிபுரிந்தார். நாட்டின் பல பாகங்களிலும் இருந்து வினாக்களும் முறைப்பாடுகளும் குவிந்தன. ஓர் அலுவலகம் ஒருவாறும் மற்றோர் அலுவலகம் வேறொருவாறும் விடை சொல்லுமாயின் அரசின் ஆணை நகைப்புக்கு இடமாகும். டுரோவ் தாம் முன்னர் ஆக்கிய கலந்துரையாடற் கருவியை விரித்து எமிசாரி என்னும் முறைமையை விரைந்து அமைத்தார். தொலைவிலுள்ள அலுவலகங்கள் தட்டச்சுப் பொறி போன்ற முனையங்களால் தொலைபேசிக் கம்பி வழியே ஒரே கணினியோடு இணைந்தன.

எமிசாரியில் இரு சிறப்புகளைக் கண்டுகொள்ளல் வேண்டும். முதலாவது, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். ஓர் எண் ஐயத்துக்கு இடமாயின் அதனைத் தந்தவருக்கு அங்கேயே செய்தி அனுப்பி வினவலாம். வெறும் எண் தகவலாகாது. எவர் கூறியது, எப்பொழுது கூறியது என்பனவும் சேர்ந்தபொழுதே அது தகவலாகும். இரண்டாவது, பலர் ஒரே வேளையில் எழுத்தாற் கலந்துரையாடுதற்கும் அதில் இடமிருந்தது. இன்று கைத்தொலைபேசியில் எமது பிள்ளைகள் குழுக்களாக உரையாடுகின்றனரே, அதற்கு மூத்த உறவினன் இது. விலைக் கட்டுப்பாட்டுக் காலம் முடிந்த பின்னரும், எரிபொருட் தட்டுப்பாடு, வேலைநிறுத்தம் முதலிய நெருக்கடிகளில் இம்முறைமை பல்லாண்டுகள் பயன்பட்டது.

கூட்டறிவின் நன்மையும் தீமையும்

பின்னர் டுரோவ் நியூவார்க் நகரிலுள்ள நியூ ஜேர்சித் தொழினுட்பக் கல்வி நிறுவனத்திற் பேராசிரியரானார். அங்கே தேசிய விஞ்ஞான மன்றத்தின் உதவியுடன், சிதறியிருக்கும் விஞ்ஞானிகள் ஒரு குழுவாக இயங்குதற்குரிய மின்னியல் தகவற் பரிமாற்ற முறைமை ஒன்றனை நிறுவினார். சமூகவியற் பேராசிரியையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவியுமான ஸ்டார் ரொக்சான் ஹில்ட்ஸ் இதில் இணைந்தார். இருவரும் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. கணினி வழியே மக்கள் ஒருவரோடொருவர் உரையாடுதலும், கற்றலும், தொழில் செய்தலும், சங்கம் அமைத்தலும் வழக்கமாகும் என அவர்கள் அதில் முன்னுரைத்தனர். இணையம் பொதுமக்கள் கைக்கு வந்துசேர்வதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டது அந்நூல்.

இவ்விருவரும் தாம் படைத்ததனைத் தாமே புகழ்ந்து அமைந்தாரல்லர். அதனைச் சோதித்தும் பார்த்தனர். நேரிற் கூடிய குழுக்களையும் கணினி வழிக் கூடிய குழுக்களையும் ஒப்பிட்டு 1986இல் வெளியிட்ட ஆய்வில், கணினி வழிக் குழுக்களிற் பேச்சு அனைவருக்கும் ஓரளவு சமமாகப் பகிரப்பட்டதைக் கண்டனர். முடிவின் தரமும் குறையவில்லை. ஆயினும் எல்லோரும் ஒத்த முடிவுக்கு வருதல் அங்கே அரிதாயிற்று. சமமாகப் பேச இடங்கொடுத்தால் ஒருமித்தல் தானே வந்துவிடும் என்பதில்லை; அதற்கு வேறு ஏற்பாடும், வழிநடத்துவோரும் தேவை. அவ்வாறே, செய்தி மிகுதலும் ஒரு நோயே என்பதனை 1985இல் அவர்கள் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. நூறு செய்திகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு தேவையான செய்தி, வராத செய்திக்கு ஒப்பாகும். ஆதலால் எவருக்கு எது தேவை என வகுத்து அமைத்தலே முறைமையின் உயிர்.

ஆசிரியராகிய எமக்கு இவ்வாராய்ச்சியின் மற்றொரு கிளையும் பயன் தரும். கணினி வழி வகுப்பறையை 1980களிலேயே ஹில்ட்ஸ் அமைத்து ஆராய்ந்தார். பாடத்தை அனுப்பிவைப்பதனால் மட்டும் வகுப்பறை ஆகிவிடாது. மாணவர் தம்முள் வினவியும், விடை கூறியும், ஒருவர் ஆக்கத்தை ஒருவர் திருத்தியும் கூடிக் கற்கும்பொழுதே அது வகுப்பறையாகும் என்பது அவர் கண்ட உண்மை. 2020இற் பெருந்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கைத்தொலைபேசியிற் பாடக் குறிப்புகளை அனுப்பியனுப்பிக் களைத்த ஆசிரியர் யாவரும் இதன் உண்மையை நன்கு உணர்வர்.

நெருக்கடிக்கு ஏற்ற முறைமை

முதுமையில் டுரோவ் மீண்டும் தம் பழைய கேள்விக்கே திரும்பினார். பேரிடர் நேர்ந்தவழிப் பலர் ஒருங்கே செயலாற்றுதற்கு எத்தகைய தகவல் முறைமை வேண்டும்? 2004ஆம் ஆண்டு, தம் சகாக்கள் மூவருடன் இதுபற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு வைகாசியில் பிரசெல்ஸ் நகரில், நெருக்கடிகால முகாமைக்குரிய தகவல் முறைமைகளை ஆராய்வோரின் முதலாவது கூட்டம் நடைபெற்றது. பார்ட்டெல் வான் டி வாலே, பென்னி கார்லே என்போருடன் டுரோவும் அவ்வாய்வுச் சமூகத்தை நிறுவியோருள் ஒருவர்.

அக்கட்டுரையின் அடிப்படைக் கருத்துகளுட் சிலவற்றை எமது மொழியிற் கூறின் இவ்வாறு அமையும். நாளாந்தம் பயன்படாத முறைமை இடர் வந்த நாளிலும் பயன்படாது. நெருக்கடியில் விதிவிலக்கே விதியாகும். ஆதலால் எதிர்பாராததனை ஏற்கும் நெகிழ்ச்சி வேண்டும். ஒருவர் களைத்து வீழ்ந்தால் அவர் பொறுப்பை மற்றொருவர் உடனே ஏற்கத்தக்கதாகக் குறிப்புகள் இருத்தல் வேண்டும். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பது பதியப்பட்டுப் பிற்காலத்துக்குப் பாடமாக வேண்டும். தகவல் பிந்தாமலும் பிழையாமலும் வருதல் வேண்டும். களத்தில் நிற்போர் தம்முட் செய்தியைத் தடையின்றிப் பரிமாறிக்கொள்ளல் வேண்டும். யாவும் மேலே சென்று மீண்டு வரும் வரை காத்திருப்பின் உயிர் காவாது.

இவை அச்சேறிய அதே ஆண்டின் இறுதியில், மார்கழி 26ஆம் நாட் காலை, கடல் எமது கரையின்மேல் ஏறியது.

எமது கரையின் சோதனை

அன்று நிகழ்ந்தவற்றை எமது வாசகர்க்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் நாட் சூறாவளியைக் கண்ட முதியோரும் இவ்வாறு ஓர் அழிவைக் கண்டதில்லை என்றனர். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் வீடிழந்தனர். நாவலடி போன்ற ஊர்கள் இருந்த சுவடே தெரியாது போயின. எஞ்சியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர்.

உதவி வராமலில்லை, வந்தது. ஆனால் எங்கே எத்தனை பேர் உளர், அவருட் குழந்தைகள் எத்தனை, மருந்து எங்கே முடிந்தது, எந்தப் பாரவண்டி எந்த முகாமுக்குப் போகின்றது என்பவற்றை ஒருசேர அறிந்தவர் எவருமிலர். பெருந்தெருவோரத்து முகாமுக்கு ஒரே பொருள் பலமுறை வந்திறங்க, உள்ளே ஒதுங்கிய முகாம் வெறுமனே காத்திருந்தது. காணாமற்போனோரைத் தேடுதல் அதனினும் கொடிது. ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு கொப்பி. தங்கராசா என்னும் பெயரை ஒருவர் தமிழிலும், ஒருவர் சிங்களத்திலும், மற்றொருவர் ஆங்கிலத்திற் பலவாறாகவும் எழுதுவர். தகப்பன் பெயரின் முதலெழுத்து விடுபட்டால் ஆளே மாறிவிடும். பிள்ளையைத் தேடும் தாய்க்கு, அப்பிள்ளையின் பெயர் அடுத்த ஊர்க் கொப்பியில் இருந்தும் இல்லாததே.

இந்நிலையிற் கொழும்பிற் கணினித் தொண்டர் பலர் ஒன்றுகூடினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பின் அனுசரணையில், தத்தம் அலுவல்களை விட்டு வந்த அவர்கள், இரவுபகலாக உழைத்துச் சில வாரங்களுள் ஒரு முறைமையை ஆக்கினர். அதற்குச் சகன என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். சமிந்திர டி சில்வா என்பவர் அதனைத் தலைமை தாங்கி வளர்த்தார். காணாமற்போனோர் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளையும் கொடைகளையும் இணைக்கும் பதிவேடு என்பன அதன் முக்கிய அங்கங்கள். அரசின் தேசிய செயற்பாட்டு மையத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. டுரோவின் கட்டுரையைப் பார்த்து இதனை ஆக்கினர் என்று நாம் கூறவில்லை. தேவை ஒன்றாகவே விடையும் ஒத்தமைந்தது.

இம்முறைமையை ஆக்கியோர் அதனைப் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்து ஆளலாம், தம் மொழிக்கும் தேவைக்கும் ஏற்பத் திருத்தலாம் என உலகுக்கு ஈந்தனர். 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது துணைநின்றது. சமூகப் பயனுள்ள ஆக்கத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு பங்குனியில், அமெரிக்கக் கணினிக் கழகத்தின் திங்களிதழ் பேரிடர்த் தகவல் முறைமைகள் பற்றிச் சிறப்புப் பகுதி ஒன்றை வெளியிட்டது. அதனைப் பதிப்பித்தோர் வான் டி வாலேயும் டுரோவும். அதிற் சகன பற்றிய கட்டுரையும் இடம்பெற்றது. 1971இல் தொடங்கிய ஒருவரின் ஆராய்ச்சியும், எமது நாட்டின் கண்ணீரிற் பிறந்த ஒரு கருவியும் இவ்வாறு ஒரே ஏட்டிற் சந்தித்தன. டுரோவ் 2022ஆம் ஆண்டு மறைந்தார்.

பொறி செய்யமாட்டாதது

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கணினி முறைமையைச் சில வாரங்களில் ஆக்க முடிந்தது. கூடிச் செயலாற்றும் மனத்தை அவ்வாறு ஆக்க முடியவில்லை. வடக்குக் கிழக்கிற் சுனாமி உதவியைக் கூடிப் பங்கிடுதற்கென அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005ஆம் ஆண்டு ஆனி 24ஆம் நாள் ஓர் உடன்படிக்கை செய்தன. பொதுக்கட்டமைப்பு என எமது மக்கள் அதனை அழைத்தனர். மூன்று வாரங்களுள், ஆடி 15ஆம் நாள், அதன் முக்கியமான சில ஏற்பாடுகளை உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. அக்கட்டமைப்புப் பின்னர் இயங்கவேயில்லை. அதன் அரசியலை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் எமது துறைக்கு உரிய பாடம் ஒன்று அதிலுண்டு. எவர் பதிவதனை எவர் நம்புவது, எவர் ஏட்டினை எவர் பார்ப்பது என்னும் வினாக்களுக்கு இடர் வருமுன்னரே விடை இருத்தல் வேண்டும். இடர் வந்தபின் அவ்வினாவைத் தொடங்குவோர், விடை காணுமுன் நிவாரணம் பிந்திவிடும்.

படுவான்கரையில் வாழும் எமக்கு இது புத்தகச் செய்தியன்று. மாரி வெள்ளம் வந்து தெருக்கள் மூழ்கும் வேளைகளில், எமது ஊர்களின் நிலை வெளியே தெரிதற்கு ஒரு கிராம உத்தியோகத்தரின் பட்டியலே பெரும்பாலும் ஆதாரம். அப்பட்டியலில் இல்லாத குடும்பம் பிரதேச செயலகத்துக்கு இல்லாத குடும்பம். பிரதேச செயலகம் அறியாத ஊர் கச்சேரிக்கு இல்லாத ஊர். கச்சேரி அறியாதது கொழும்புக்கு இல்லாததே. முதற் கொப்பியில் நேரும் பிழையை உச்சியிலுள்ள எந்தக் கணினியும் திருத்தமாட்டாது.

ஆதலால் எமது மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. கணினியைக் கற்க விரும்புவோர் அதனோடு மனிதரையும் கற்றல் வேண்டும். டுரோவ் பௌதிகம் கற்றவர்; ஹில்ட்ஸ் சமூகவியல் கற்றவர்; இருவர் கல்வியும் சேர்ந்தபொழுதே அத்துறை வளர்ந்தது. விஞ்ஞானப் பிரிவு, கலைப்பிரிவு, வர்த்தகப் பிரிவு எனப் பாடசாலையில் நாம் இடும் வேலிகள், இத்துறையின் வாயிலில் அறுந்து வீழ்கின்றன. தமிழ் மாணவர்க்கு இதில் தனிப்பட்ட கடமையும் உண்டு. எமது பெயர்களை ஒலி ஒத்த பல எழுத்துருவங்களிலும் தேடிக் கண்டெடுக்கும் கருவிகளை, எமது பெயர்களை அறிந்தவரே செம்மையாக ஆக்கல் கூடும்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். அரசாங்க உத்தியோகத்திலும் தொழிற்றுறையிலும் கடல்கடந்த நாடுகளிலும் நீவிர் உளீர். யூபிலி ஆண்டில் மண்டபமும் சிலையும் அமைத்தல் நன்றே. அதனோடு ஓர் ஏடும் அமைப்போமாக. எமது ஊர்களில் துணையின்றி வாழும் முதியோர் எவர், நடக்கமாட்டாதார் எவர், தோணி வைத்திருப்போர் எவர், தாதியர் எவர், வெள்ளத்தில் மூழ்காத மேட்டு நிலம் எது என்பன அதிலே பதியப்படட்டும். உரியவர் உடன்பாட்டோடு, பொறுப்புள்ளோர் கையில் அஃது இருக்கட்டும். ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன் மாணவர் குழுக்கள் வீடு வீடாகச் சென்று அதனைத் திருத்தட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கணினி கிடைத்தாற் கணினியில், கிடையாவிடிற் கொப்பியில் எழுதலாம். நாளாந்தம் கைபடாத ஏடு இடர் நாளில் உதவாது என்பதனை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.